ஓடுகிற தாளம்

மூக்கை உறிஞ்சுகிறான். ஹெட்ஃபோனுக்குள்ளே, என் மண்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பெர்சி மூக்கை உறிஞ்சுகிறான். அப்புறம் "ஏய், ஒன், டூ" என்கிறான். அப்புறம் டிரம்ஸ். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு மறுபடி உறிஞ்சல், மறுபடி ஒன், டூ. செத்து எத்தனையோ வருஷமான புருஷன் இப்படி ஓயாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தால் நான் எப்படி வாசிப்பது. மடியில் கிட்டார் இருக்கிறது. வலது கை கம்பிகளுக்கு மேலே தயாராக நிற்கிறது, ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அகிலன் தலையாட்டிக்கொண்டிருக்கிறான். முப்பது வயது இருக்கும். இந்த சாலிகிராமம் ஸ்டூடியோ அவனுடையது, பாட்டும் அவனுடையது. எங்கள் பாய்லர்ஸ் பேண்டில் பேஸ் வாசித்த வின்ஸ்டனின் மகள் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக உரித்து எடுத்திருக்கிறான். அதில் பெர்சியின் டிரம்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் நான் புதிதாக ஃபங்க் கிட்டார் வாசிக்க வேண்டுமாம். "அந்த மூக்கு சத்தத்த வேணும்னேதான் விட்டு வெச்சேன் ஆன்ட்டி. அதுலயே பழைய ரெக்கார்டிங்னு ஒரு ஃபீல் வருது" என்று வந்த உடனே சொன்னான். நான் சிரித்தேன். "நல்லாருக்குப்பா" என்றுகூடச் சொன்னேன் போல இருக்கிறது. மதியச் சாப்பாடு இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. ஏசி காற்று கழுத்தில் படுகிறது. "ரெடியா ஆன்ட்டி?" என்று அவன் குரல் பெர்சியின் குரலுக்கு மேலே வருகிறது. இன்னொரு சுற்று போகட்டும் என்று விரலால் காட்டுகிறேன். உறிஞ்சல். ஒன், டூ.

மேடையில் பாட்டைத் தொடங்குவதற்கு முன்னால் உறிஞ்சுவான். அடிப்பதற்கு முன்னாலும் உறிஞ்சுவான். சளி கிடையாது, ஜலதோஷம் கிடையாது, அது ஒரு பழக்கம், சில பேர் தொண்டையைச் செருமிக்கொள்வார்களே அதுமாதிரி. சமையலறையில் நான் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருப்பேன், பின்னால் அந்தச் சத்தம் வரும், என் கழுத்து தானாகத் தோளுக்குள் இறங்கிக்கொள்ளும். அடி எப்போது விழும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். மேடையில் அவன் தோள் ஏறுவதைப் பார்த்து அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்துகொண்டு அதோடு சேர்ந்து கம்பியில் வெட்டி வாசிப்பேனே, அதே கண், அதே காது. ஹில்டாவும் பெர்சியும் ஒரே உடம்பு மாதிரி வாசிக்கிறார்கள் என்று ஊரே சொன்னது. ஒரே உடம்புதான். அந்த உடம்பில் கை அவனுடையது, கன்னம் என்னுடையது. இப்போதுகூடப் பார், எழுபதை நெருங்குகிற கழுத்து, மூட்டு வலி, சுகர் மாத்திரை, எல்லாம் இருந்தும் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. அகிலன் பார்த்துவிடுவானோ என்று நிமிர்ந்து உட்காருகிறேன். அது ஒரு கேசட், ஹில்டா. கேசட்டுக்குக் கை கிடையாது.

நான் இந்த வாத்தியத்துக்கு வந்ததே ஒரு விபத்து. பெரம்பூரில் எங்கள் தெருவில் டோரீன் என்று ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண் இருந்தாள். அவள் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களைத் தெருவில் உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்கு இரும்புக் கட்டில். எனக்கு எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரு கட்டு இசைத்தட்டுகளும். அந்தத் தட்டுகளில்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கிட்டார் பாடவில்லை, அழவில்லை. கத்திரிக்கோல் மாதிரி வெட்டியது. சிக்கு சக்க, சிக்கு சக்க. எப்படி வாசிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. வலது கை நிற்கவே கூடாது. மேலும் கீழும், மேலும் கீழும், தையல் மெஷின் ஊசி மாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடது கை கம்பியை அமுக்கினால் ஸ்வரம் வரும், லேசாகத் தளர்த்தினால் சத்தம் செத்து வெறும் உரசல்தான் வரும். அடிக்கிற கை எல்லாவற்றையும்தான் அடிக்கிறது, எது கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது அமுக்குகிற கை. அப்பா லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். "இன்னாடி இது, அரிசில கல்லு பொறுக்கற மாதிரி ஒரு பாட்டு" என்பார். அதே ஒர்க்ஸில் அப்ரண்டிஸாக இருந்தவன்தான் பெர்சி அருள்ராஜ். சாயங்காலம் ஆனால் கரி படிந்த கையோடு ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் டிரம்ஸ் அடிப்பான். பேண்டுக்குப் பெயரே பாய்லர்ஸ். அவர்களுடைய கிட்டார்காரன் துபாய்க்குப் போனதும் வின்ஸ்டன் என்னை வந்து கேட்டான். பொம்பளை எப்படிடா என்று மற்றவர்கள் இழுத்தார்கள். பெர்சி மட்டும், "வாசிக்கட்டும். கேட்டுட்டுச் சொல்லலாம்" என்றான். வாசித்தேன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதற்காகத்தான் கட்டிக்கொண்டேன். அது பொய் வெளிச்சம் இல்லை. அதுதான் இன்றைக்கு வரைக்கும் என்னைக் குழப்புகிறது.

அரக்கோணத்தில் ஒரு கிறிஸ்துமஸ் டான்ஸ். முன்வரிசையில் குடித்துவிட்டு ஒரு கும்பல். "ஏய் பாப்பா, கிட்டார கீழ வெச்சிட்டு ஆடிக் காட்டு" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் வாசித்தேன். சோடா பாட்டில் ஒன்று பறந்து வந்து புருவத்தில் வெடித்தது. கண்ணுக்குள் சூடாக ஏதோ இறங்கியது, முதலில் அது சோடா என்று நினைத்தேன். ரத்தம் கம்பியில் சொட்டி, வலது கை போகிற வேகத்தில் என் வெள்ளைச் சட்டையெல்லாம் பொடிப்பொடியாகத் தெறித்தது. கை நிற்கவில்லை. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கை வேறு யாருடையதோ மாதிரி போய்க்கொண்டிருந்தது. பெர்சி டிரம்ஸை விட்டு எழுந்து குதித்து, பாட்டில் எறிந்தவனைப் பிடித்து, சிம்பல் ஸ்டாண்டாலேயே அவன் வாயில் அடித்தான். பல் விழுந்தது. மறுபடி அடித்தான். அவன் விழுந்த பிறகும் அடித்தான். நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. பெர்சி மூச்சிரைக்கத் திரும்பி வந்து, என் நெற்றியில் கர்ச்சீப்பை வைத்து அழுத்தி, "நிறுத்தாம வாசிச்சியேடி, சிங்கம்டீ நீ" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. கீழே ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு தவழ்ந்து போய்க்கொண்டிருக்கிறான், எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த ஆள் எனக்காக எவனையும் கொல்லுவான் என்று நினைத்தேன். அந்தக் கை வீட்டுக்கும் கூடவே வரும் என்று யோசிக்கத் தெரியாத வயசு.

அப்புறம் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல். அங்கேதான் பாய்லர்ஸுக்கு நிலையான வேலை கிடைத்தது, கோட்டு சூட்டெல்லாம் தைத்துக் கொடுத்தார்கள், எனக்குப் பளபளவென்று ஒரு நீலக் கவுன். ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்கு வாசித்துக்கொண்டிருந்தோம். துறைமுகத்தில் நின்ற ஏதோ கப்பலின் இசைக்குழுக்காரர் ஒருத்தர், உயரமான கறுப்பர், சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எழுந்து வந்து எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார். பெர்சியின் தோளில் தட்டி, என்னைக் காட்டி, சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார்: "இந்தக் குழுவில் உண்மையான டிரம்மர் இந்தப் பெண்தான். இவள் பிடித்து நிறுத்தாவிட்டால் நீ ஓடிப்போய்விடுவாய் தம்பி." எல்லோரும் சிரித்தார்கள். பெர்சியும் சிரித்தான். வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், ஓடுவது என்றால் என்ன என்று. தாளத்தைச் சரியான இடத்தில் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொண்டே போவது. பெர்சி ஓடுவான். எனக்கு முதல் நாளே தெரியும். அவன் ஓடும்போதெல்லாம் நான் கொஞ்சம் பின்னால் சாய்ந்து வெட்டுவேன், அவன் திரும்பி வருவான், யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். அந்தக் கப்பலோடு அவர் போய்விட்டார். நான்தான் அந்தப் பாராட்டோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். உறிஞ்சல். திரும்புவதற்குள் கன்னத்தில் விழுந்தது. முதல் அடி. குழவி கையை விட்டு உருண்டு காலில் விழுந்ததுதான் அதிகமாக வலித்தது, ஆச்சரியத்தில் கன்னம் வலிக்கவில்லை. "நான் ஓடுறனா? சொல்றீ. நான் ஓடுறனா?" அதற்கப்புறம் அது வேறு மாதிரிப் போயிற்று. ஹாலில் பாயில் குப்புறப் படுக்கச் சொல்லுவான். டிரம்ஸ் குச்சி இரண்டையும் எடுத்துக்கொண்டு முதுகிலேயே வாசிப்பான். விளையாட்டு மாதிரிதான் தொடங்குவான், மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு தோள்பட்டை எலும்பில், இடுப்பெலும்பில், பின்கழுத்தில். "யாரு டைமுடீ இது? யாரு தாளம்? சொல்லு." "உங்க டைமுதான்." "கேக்கல." "உங்க டைமுதாங்க." வாயில் பாயின் கோரை குத்தும். முதுகு முழுக்கக் கோடு கோடாக எழும்பும், அதற்கு மேல் நீலக் கவுனை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போவேன். பாயில் படுத்திருக்கும்போது எனக்குள் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் புரியுமா என்று தெரியாது. குச்சி முதுகில் விழுந்துகொண்டிருக்கும், நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன், அப்போதும் அவன் ஓடினான். என் எலும்பின்மேல் அடிக்கும்போதும் ஓடினான். வலியைவிட அது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வாய் உங்க டைமுதாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஒருத்தி, இல்லை, ஓடுகிறாய், இங்கே ஓடுகிறாய், இதோ மறுபடி ஓடுகிறாய் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் மட்டும் வாயை மூடவே இல்லை.

"ஆன்ட்டி, டீ சொல்லட்டுமா? இல்ல ஒரு தடவ சும்மா வாசிச்சுப் பாக்கறீங்களா?" அகிலன் டிரம்ஸை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டான். திடீரென்று அமைதி. அந்த அமைதியில் காது கொய்யென்கிறது. சர்க்கரை இல்லாமல் டீ சொல்லு என்கிறேன். அவன் எனக்கு எதிரே ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்கிறான், ஆசையாக என் இடது கையையே பார்க்கிறான். "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆன்ட்டி. எல்லாரும் ஃபங்க் கிட்டார்னா நாலு கம்பி, அஞ்சு கம்பின்னு ஒண்ணா அமுக்கிப் பெரிய கார்டா புடிப்பாங்க. நீங்க மட்டும் ரெண்டே ரெண்டு நோட்டு. அவ்ளோதான். ஆனா அது ஊசி மாதிரி எறங்கும். கோடம்பாக்கத்துல எத்தன பாட்டுல அந்த ஊசி இருக்குன்னு நான் ஒரு லிஸ்ட்டே போட்டிருக்கேன். எப்படி ஆன்ட்டி அப்படி ஒரு ஸ்டைலக் கண்டுபிடிச்சீங்க?" சும்மா வந்துச்சுப்பா என்கிறேன். அவனுக்குப் போதவில்லை. "சும்மா எப்படி ஆன்ட்டி வரும்?" என்கிறான். வரும்ப்பா. பீரோ கதவில் வரும்.

ஸ்டீல் பீரோ, என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது, கதவில் நீள் கண்ணாடி. ஒரு இசையமைப்பாளர் ஆள் அனுப்பியிருந்தார், பாய்லர்ஸ் வேண்டாம், கிட்டார் அம்மாவை மட்டும் ரெக்கார்டிங்குக்கு வரச் சொல்லுங்கள் என்று. நான் கவுனை எடுப்பதற்காகப் பீரோவைத் திறந்து, இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உறிஞ்சல் கேட்டது. கழுத்தைத்தான் இழுத்துக்கொண்டேன், கையை எடுக்கத் தோன்றவில்லை. என் கணக்கு தப்பிப்போனது அந்த ஒரு தடவைதான். கன்னத்தை எதிர்பார்த்தேன், அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலால் உதைத்துச் சாத்தினான். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, முருங்கைக்காய் உடைப்பது போல ஒரு சத்தம். கதவு மூடவில்லை, நடுவில் என் விரல்கள் இருந்தன. அவன் மறுபடி உதைத்தான், மூடும் வரைக்கும். கண்ணாடியில் என் வாய் திறந்திருந்தது தெரிந்தது, உள்ளே நாக்கு தெரிந்தது, சத்தம் வந்ததா என்று ஞாபகம் இல்லை. மோதிர விரல் எப்படியோ கூடிவிட்டது. சுண்டு விரல் மடங்கவே இல்லை, இதோ இப்போதும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது. அம்மா வந்து பார்த்தாள். கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொடுத்தாள். கடைசியில், "அந்த வாத்தியத்த விட்டுடேன் ஹில்டா. அதான உனக்கும் அவனுக்கும் நடுவுல நிக்குது" என்றாள். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். பெர்சியும் பக்கத்தில் முழங்கால் போட்டுக் கண்ணீர்விட்டு ஜெபம் பண்ணினான். ஆமென் சொல்லும்போது மூக்கை உறிஞ்சினான், அழுகையில்தான், ஆனால் என் கழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. கட்டு அவிழ்த்ததும், அவன் ஒர்க்ஸுக்குப் போகிற நேரமாகப் பார்த்து, மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய கார்டு எதுவும் பிடிக்க வரவில்லை. இரண்டு ஸ்வரம் வந்தது. சரி, இரண்டு போதும். மற்றதெல்லாம் உரசல். அதைத்தான் எல்லோரும் ஸ்டைல் என்றார்கள், அதைத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். ரெக்கார்டிங் தியேட்டரில் வயலின்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அழகாக உட்கார்ந்து பீரோ கதவை வாசித்துக்கொண்டிருப்பேன்.

டீ வந்துவிட்டது. சூடு. அகிலன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறான். இன்ஸ்டிட்யூட் ஹாலை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன், பாழாய்ப்போன மனசு அங்கேதான் வந்து நிற்கிறது. ஈஸ்டருக்கு முந்தின வாரம், நல்ல பகல், ஒத்திகை. ஜன்னல் வழியாக வெயில் பட்டையாக விழுந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில் பாட்டு இடறிக்கொண்டே இருந்தது. வின்ஸ்டன் தெரியாத்தனமாக, "பெர்சி, ஹில்டாவப் பார்த்து அடிடா, சரியா வரும்" என்றான். பெர்சி குச்சிகளைக் கீழே வைத்தான். ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தான். என்னைப் பார்த்து நடந்து வந்தான், அவசரமில்லாமல். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் வந்தான். உறிஞ்சினான். என் கழுத்து இந்தத் தடவை உள்ளே போகவில்லை. கிட்டாரின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாரோடு தலைக்கு மேலே கழற்றி, முழுப் பலத்தோடு சுழற்றினேன். கெட்டிப் பலகை. இடது காதில் இறங்கியது. ஆம்ப்ளிபையர் இன்னும் ஆனில் இருந்ததால் அந்த அடி ஹால் முழுக்க ஒரு பெரிய ஸ்வரமாகக் கேட்டது. அவன் பின்னால் தள்ளாடிப் போய் டிரம்ஸ் மேலேயே விழுந்தான், சிம்பல்கள் எல்லாம் சரிந்து அவன்மேல் அலறின. காதிலிருந்து ரத்தம் நூல் மாதிரி வந்தது, அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம், முதல் நாள் சமையலறையில் எனக்கு வந்த அதே ஆச்சரியம். நான் மறுபடி ஓங்கினேன். இதைச் சொல்லத்தான் வேண்டும், மறுபடி ஓங்கினேன். வின்ஸ்டன் ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, "போதும் ஹில்டா, போயிடு, போயிடு" என்று கத்தினான். ஒயரைப் பிடுங்கிவிட்டு, கிட்டாரோடு பெரம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அந்தப் பக்கம் வந்த முதல் ரயிலில் ஏறினேன். வில்லிவாக்கத்தில் அக்கா வீடு. கையில் இருந்த கிட்டாரைப் பார்த்ததும் அக்கா கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

அந்தக் காது போய்விட்டது. ஒரு காதோடு டிரம்ஸ் அடிக்க முடியாது என்று இல்லை, ஆனால் அவனால் முடியவில்லை, இன்னும் அதிகமாக ஓடினான் என்று கேள்விப்பட்டேன், பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. பேண்டு கலைந்தது. குடித்தான். அக்கா வீட்டு வாசலில் இரண்டு முறை வந்து நின்று கத்திவிட்டுப் போனான், நான் ஜன்னலுக்குப் பின்னால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வரவில்லை. சில வருஷம் கழித்து, வியாசர்பாடிப் பக்கம் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் அடித்துவிட்டது. காலை நேரம், மழை, குடித்திருக்கக்கூட இல்லையாம். இடது பக்கமிருந்து வந்த வண்டி. ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வந்ததாம். ஆட்கள் கத்தினார்களாம், அவன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தானாம். சவப்பெட்டியை மூடியேதான் வைத்திருந்தார்கள். நான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவனுடைய அம்மா என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் போட்டு, "எம்புள்ளையக் கொன்ன காது அது, நீ அடிச்ச காது, நீதான்டி கொன்ன" என்று என் முகத்தை அந்தப் பெட்டியில் முட்டினாள். பெண்கள் வந்து பிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. கொன்றேனா? ஹாலில் நான் ஓங்கியபோது அந்த ரயில் எங்கேயோ கிளம்பிவிட்டதா? பஸ்ஸில், சர்ச்சில், ரெக்கார்டிங்கில், பாத்திரம் கழுவும்போது, இந்தக் கேள்வி வந்து நிற்கும். நான் அடிக்காமல் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பான், நான் இருந்திருப்பேனா? அதற்கு மேல் யோசனை போகாது. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி அதே வரியைச் சுற்றும். வருத்தப்பட முயற்சி பண்ணிப் பார்த்திருக்கிறேன். வருகிறது, அவனுக்காக வருகிறது, அந்த முதல் நாள் வெளிச்சத்துக்காக வருகிறது. நான் அடித்த அந்த அடிக்காக மட்டும் வரவில்லை.

"ஆன்ட்டி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?" ஹெட்ஃபோனில் அகிலன். இப்போது டிரம்ஸ் சத்தம் இல்லை. "சொல்லுப்பா." "பெர்சி மாஸ்டர் உங்க ஹஸ்பண்ட்டு. பெரிய ஆளு. நான் சொல்லக் கூடாது." "சொல்லு." "இவ்ளோ நேரம் நீங்க கேட்டது நான் கம்ப்யூட்டர்ல நேராக்கினது. ஒரிஜினல் இப்படி இல்ல. கேசட்ல மொத்தமா கேக்கும்போது பாறை மாதிரி இருந்துச்சு ஆன்ட்டி. நான்கூட, என்னா டைமுடா இந்த ஆளுக்குன்னு நெனச்சேன். அப்புறம் உங்க கிட்டாரை மட்டும் தனியா எடுத்துட்டேன் பாருங்க, உடனே டிரம்ஸ் ஓட ஆரம்பிச்சிடுச்சு. எல்லா இடத்துலயும் ஓடுது. உங்க டிராக்க மட்டும் வெச்சுப் பாத்தேன். ஒரு இடத்துலகூட நகரல. நீங்கதான் ஆன்ட்டி அவரை இழுத்துப் புடிச்சிருக்கீங்க. அந்த பேண்டுக்கு டைமே நீங்கதான்."

தலை குனிந்துவிட்டது. நான் குனியவில்லை, அது குனிந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி, கண் இறுக மூடி, முதுகு வளைந்து, கை கிட்டாரை விட்டுவிட்டுப் பின்கழுத்தைப் பொத்திக்கொண்டது. யாரும் உறிஞ்சவில்லை. ஆனால் இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் என்ன வரும் என்று உடம்புக்குத் தெரியும், ஹோட்டலில் இதைக் கேட்டபோது மறுநாள் காலை என்ன ஆயிற்று என்று அதற்குத் தெரியும். வரட்டும் என்று காத்திருக்கிறேன். ஏசி ஓடுகிறது. டீ டம்ளரின் மேல் ஏடு படிந்திருக்கிறது. காத்திருக்கிறேன். வரவில்லை. "ஆன்ட்டி! என்னாச்சு ஆன்ட்டி? தண்ணி கொண்டு வரட்டா? ஐயோ, நான் தப்பா ஏதாவது..." அவன் எழுந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறான், பயந்துபோன முகம், என் அக்கா பேரன் முகம் மாதிரி. "ஒண்ணுமில்லப்பா" என்கிறேன். குரல் எங்கோ அடியிலிருந்து வருகிறது. "திருப்பிச் சொல்லு." "என்ன ஆன்ட்டி?" "இப்ப சொன்னியே. அதத் திருப்பிச் சொல்லு." அவன் தயங்கித் தயங்கி, "டிரம்ஸ் ஓடுது ஆன்ட்டி. நீங்க ஓடல" என்கிறான். இந்தத் தடவை தோள் பாதிதான் ஏறுகிறது. "இன்னொரு தடவ." "அவர் ஓடுறாரு. நீங்க ஓடல." தோள் கீழேயே இருக்கிறது. பாயில் படுத்துக்கொண்டு உள்ளே ஒருத்தி எண்ணிக்கொண்டே இருந்தாளே, அவள் இப்போது எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும், எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் வந்தது, வயிறு காலியாகிவிட்டது போல ஒரு பசி. "அகிலா, அந்த டிரம்ஸ எடுத்துடு." "மொத்தமாவா? மூக்கு சத்தம், ஒன் டூ எல்லாமா?" "எல்லாம்." "அப்ப டைம் எப்படி ஆன்ட்டி? கிளிக் ஏதாவது போட்டு விடறேன், டிக் டிக்னு ஓடட்டும், அத வெச்சு..." "ஒண்ணும் வேணாம். ரெக்கார்டிங் சிவப்பு லைட்டப் போடு."

வலது கை இறங்கிவிட்டது. நான் சொல்லாமலே இறங்கிவிட்டது. காலியான ஹெட்ஃபோனில் என் உரசல் மட்டும் கேட்கிறது, மேலும் கீழும், மேலும் கீழும், சின்னச் சின்னப் பல் வைத்த ரம்பம் மாதிரி. எவ்வளவு வெறி இந்தச் சத்தத்தில் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருஷம் நாகரிகமாக, ஊசி ஊசி என்று சொல்லி வைத்திருந்தார்கள். இது ஊசி இல்லை. இது வெட்டுகிறது. முதல் அடி எங்கே விழ வேண்டும் என்று யாரும் எண்ணித் தரவில்லை, நான் வைக்கிற இடம்தான் முதல் அடி. அங்கே இரண்டு ஸ்வரத்தைப் போட்டு உடைக்கிறேன். விரல் நுனியில் தோல் கிழிகிறது, கம்பி ஈரமாகிறது, கிழியட்டும். அரக்கோணத்துச் சோடா பாட்டில் வரட்டும், குச்சி வரட்டும், கதவு வரட்டும், ரயில் வரட்டும், எல்லாம் வந்து வந்து கைக்குக் கீழே உரசிச் சாகிறது, எது கேட்க வேண்டும் என்று நான் முடிவு செய்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. சாய்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டிய ஆள் யாரும் இல்லை என்பதால் தோள்பட்டையில் ஒரு பாரம் குறைந்து கை லேசாகி, இன்னும் ஆழமாக வெட்டுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது நிறுத்தினேன்.

அகிலன் பதிவை நிறுத்துகிறான். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு மைக்கை அழுத்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஆன்ட்டி... இதுக்கு டிரம்ஸ் புதுசாதான் எடுக்கணும். யாரைக் கூப்பிடட்டும்? உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றான்.

ரத்தம் பட்ட விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

"யாரை வேணா கூப்பிடுப்பா. வர்ற ஆளு எனக்குப் பின்னாடி வரணும். அதமட்டும் சொல்லிடு."